முத்திரையின் பின்பக்கம்

கொஞ்சக் காலமாக, இரவில் நித்திரை வராவிட்டால் நான் செய்யிற வேலை பழைய முத்திரைகளின் படங்களைப் பார்ப்பது. முத்திரை எண்டவுடன் தபால் முத்திரையை நினைக்க வேண்டாம். நான் சொல்லுறது சீல். அதுவும் 800, 900 வருசத்துக்கு முந்தி இங்கிலாந்திலயும் பிரான்சிலயும் இருந்த ஆயர்கள், மடாதிபதிகள், கன்னியர்கள், பாப்பரசர்கள் கடிதங்களில் பதிச்ச சீல். பிரித்தானிய நூதனசாலை போன்ற இடங்கள் இந்தப் படங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கின்றன. ஒன்றைத் திறந்தால் அடுத்தது, அதைத் திறந்தால் இன்னொன்று. "உனக்கு வேற வேலை இல்லையா?" எண்டு சினேகிதி கேட்டாள். வேலை இருக்குது. ஆனால் இந்தச் சின்ன மெழுகுத் துண்டுகளுக்குள் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிரச்சினை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். முத்திரை என்று சொல்லும்போது இரண்டு பொருட்களைச் சொல்கிறோம். ஒன்று அச்சு. வெண்கலம், வெள்ளி, தந்தம் என்று ஏதோ ஒன்றில் உருவமும் எழுத்தும் இடம் வலம் மாறி, குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். மற்றது அந்த அச்சு பதிந்த மெழுகு. தேன்மெழுகை இளக்கி, பிசின் சேர்த்து, சிவப்பு வேண்டுமென்றால் சாதிலிங்கமும் பச்சை வேண்டுமென்றால் செம்புக் களிம்பும் கலப்பார்கள். கடிதம் எழுதியிருப்பது பதப்படுத்திய தோலில். அதன் கீழ்விளிம்பில் ஒரு வெட்டுப் போட்டு, தோல்நாடாவையோ நூலையோ அதற்குள்ளால் எடுத்து, அதன் இரண்டு முனையும் மெழுகுக்குள் புதையும்படி வைத்து, அச்சை மேலே அழுத்துவார்கள். மெழுகு இறுகியதும் கடிதத்தின் அடியில் ஒரு பதக்கம் மாதிரித் தொங்கும். எங்கட ரப்பர் சீல் போலத் தட்டையான மைக்கறை இல்லை. கையில் பாரம் தெரிகிற ஒரு பொருள்.

அரசர்களின் பெரிய முத்திரை வட்டமாக இருக்கும். குருமாருடையது பெரும்பாலும் இரண்டு முனையும் கூராக முடிகிற நீள்வட்டம். சீமாட்டிகளும் அதே வடிவத்தைப் பாவித்தார்கள். சும்மா நிற்கிற ஒரு ஆளை வரைவதற்கு அந்த வடிவம் நல்ல வசதி. குதிரையில் வாளோடு பாய்கிற பிரபுவுக்கு வட்டம் தேவைப்பட்டது.

12ஆம் நூற்றாண்டு ஆயர் ஒருவரின் முத்திரையைக் கற்பனை செய்து பாருங்கள். உயரம் ஒரு 7, 8 சென்ரிமீற்றர் வரும். நடுவில் ஆயர் பூசை உடுப்போடு நேராக நின்று எங்களைப் பார்க்கிறார். தலையில் கூர்த்தொப்பி. இடது கையில் மேய்ப்பர் கோல். வலது கை ஆசீர்வதிக்கிறபடி உயர்ந்திருக்கிறது. சுற்றிவர இலத்தீனில் "கடவுளின் அருளால் இன்ன இடத்து ஆயராகிய இன்னாரின் முத்திரை" என்று எழுத்து. அடுத்த ஆயரின் முத்திரையைப் பாருங்கள். அதே நிற்கை, அதே கை, அதே கோல். இருபது முத்திரை பார்த்த பிறகு ஒரு விசயம் பிடிபடும்: முகமும் ஒன்றுதான். மூக்கு, தாடை, வயது எதுவுமே ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. பேரை மறைத்துவிட்டால் யார் எவர் என்று சொல்லவே ஏலாது.

செதுக்கினவனுக்குக் கை வராதபடியால் இப்படி நடந்தது என்று முதலில் நினைத்தேன். ஆனால் உடுப்பின் மடிப்பைப் பார்த்தால் கை நன்றாகவே வந்திருக்கிறது. பிறிஜிற் பெடோ-ரெசாக் என்ற வரலாற்றாசிரியர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவர் சொல்வதை என் சொற்களில் சொன்னால் இப்படி வரும்: அந்தக் காலத்தில் ஒருவர் யார் என்று காட்டுவதற்கு, அவர் மற்றவர்களிலிருந்து எப்படி வித்தியாசப்படுகிறார் என்று காட்டத் தேவைப்படவில்லை. தன் பதவியின் மாதிரியோடு அவர் எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று காட்டினால் போதும். ஆயரின் முத்திரை "நான் ஒரு ஆயர், ஆயர் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருக்கிறேன்" என்று சொல்கிறது. அதற்குள் அவருடைய மூக்குக்கு வேலை இல்லை.

அதனால்தான் மாதிரியை மீறின முத்திரைகள் கண்ணில் குத்துகின்றன. ஒடோ என்பவர் பிரான்சில் பேயூ நகரத்து ஆயர். வில்லியம் மன்னரின் ஒரே தாய் வயிற்றுச் சகோதரர். 1066இல் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபின் கென்ற் பிரதேசத்தின் பிரபுவும் ஆனார். அவருடைய முத்திரைக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் குதிரை ஏறின போர்வீரன், மறுபக்கத்தில் கோல் பிடித்த ஆயர். இரண்டும் ஒரே ஆள்தான். 14ஆம் நூற்றாண்டில் டர்ஹம் ஆயர் தொமஸ் ஹற்ஃபீல்ட் இன்னும் ஒருபடி மேலே போனார். டர்ஹம் ஆயர்களுக்குத் தங்கள் பிரதேசத்தில் கிட்டத்தட்ட அரசருக்குரிய அதிகாரம் இருந்தது. எனவே அவரும் அரசர் மாதிரியே இருபக்க வட்ட முத்திரை செய்வித்தார். ஒரு பக்கத்தில் ஆசனத்தில் ஆயர். மறுபக்கத்தில் கவசம் போட்டு வாளோடு குதிரையில் பாய்கிறார். அவர் போட்டிருக்கிற போர்த்தலைக்கவசத்தைப் பாருங்கள், அதற்கு மேலே ஆயரின் கூர்த்தொப்பி இருக்கிறது. முதல் தரம் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், அவர் பொய் சொல்லவில்லை. தன்னிடம் உண்மையாகவே இருந்த இரண்டு அதிகாரத்தையும் ஒரே தலையில் வைத்துக் காட்டினார்.

இனி, ஏன் இவ்வளவு பாடு என்ற கேள்வி. ஒரு கடிதம் வருகிறது. எழுதினவர் நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறார், அல்லது செத்துப்போனார். கடிதம் சொல்கிறது: இந்தக் காணி இந்த மடத்துக்குச் சொந்தம். எதை வைத்து நம்புவது? பழைய முறையில் சாட்சிகளைக் கேட்பார்கள். கொடுக்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் வந்து சொல்லுவார்கள். சாட்சிகளும் செத்துப்போனால்? 1160களில் பாப்பரசர் 3ஆம் அலெக்சாண்டர் இங்கிலாந்தின் வூஸ்ரர் ஆயருக்கு எழுதிய ஒரு பதிலில் இதைத் தீர்த்துவைத்தார். சாட்சிகள் இறந்துவிட்டால் ஒரு பத்திரத்துக்குப் பலம் இல்லை, அது பொது எழுத்தர் ஒருவரின் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது அதில் நம்பகமான முத்திரை இருக்க வேண்டும் என்றார். அந்தப் பதில் பின்னால் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலேயே சேர்ந்தது. அதாவது, செத்த மனிசரின் இடத்தில் மெழுகு நின்று சாட்சி சொல்லலாம்.

இங்கிலாந்தில் இதற்குத் தேவை இன்னும் கூட. 1237இல் பாப்பரசரின் தூதராக வந்த கர்தினால் ஒற்றோ லண்டனில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். இந்த நாட்டில் நொத்தாரிசு வழக்கம் இல்லை, ஆகையால் நம்பகமான முத்திரைகள் அதிகம் வேண்டும் என்று அங்கே விதி போட்டார்கள். ஆயர்கள் மட்டுமில்லை, மடாதிபதிகள், பேராலயக் குருமார் குழுக்கள், அவர்களுக்குக் கீழே பிரதேசப் பொறுப்பில் இருந்த குருமார் எல்லோரும் முத்திரை வைத்திருக்க வேண்டும். அந்த விதிக்குள் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. பதவி தற்காலிகமானது என்றால், முத்திரையில் பதவியின் பேர் மட்டும்தான் இருக்க வேண்டும், ஆளின் பேர் இருக்கக் கூடாது. பதவி முடிந்ததும் முத்திரையைத் தன்னை நியமித்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கந்தோர் சீலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது எண்டு 1237இலயே சொல்லிப்போட்டாங்கள்.

இது எங்களுக்குச் சம்பந்தம் இல்லாத தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய சட்டத் தொகுப்பு 1983இல் வெளியானது. அதில் 535ஆம் இலக்கச் சட்டம், ஒவ்வொரு பங்குக்கும் சொந்த முத்திரை இருக்க வேண்டும், ஞானஸ்நானம் போன்றவற்றுக்கான அத்தாட்சிகளில் பங்குத்தந்தையோ அவர் நியமித்தவரோ கையெழுத்து வைத்துப் பங்கின் முத்திரையும் பதிக்க வேண்டும் என்கிறது. எங்கட ஊர்ப் பங்குத்தந்தையின் மேசை லாச்சிக்குள் கிடக்கிற வட்ட ரப்பர் சீல், அந்தக் கூர்முனை மெழுகுகளின் நேரடிப் பேரப்பிள்ளை.

எனக்கு அந்தச் சீலைத் தெரியும். அம்மம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இடப்பெயர்வுகளில் எங்கேயோ போய்விட்டது. எந்த இடத்தில் போனது என்றுகூட அவவுக்கு ஞாபகம் இல்லை. ஒரு காணி அலுவலுக்காக அவ பிறந்ததை நிரூபிக்க வேண்டி வந்தது. நல்ல காலம், அவ ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் பதிவுப் புத்தகம் தப்பியிருந்தது. பங்குத்தந்தை பதிவைப் பார்த்து ஒரு அத்தாட்சி எழுதித் தந்தார். அதைக் கொண்டு நானும் அவவும் கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்தவர் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சீல் வடிவா விழேல்லையே. பேர் வாசிக்கேலாமல் கிடக்கு. திரும்ப அடிச்சுக்கொண்டு வாங்கோ" என்றார். உண்மைதான், மை காய்ந்திருந்தபடியால் வட்டத்தின் பாதிதான் பதிந்திருந்தது.

அம்மம்மா அந்த நேரம் அவருக்கு முன்னாலிருந்த கதிரையில்தான் இருந்தவ. 79 வயது. பிறந்ததுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும் எண்டு எனக்குக் கோபம் வந்தது. அவ ஒண்டும் சொல்லேல்ல. எழும்பி, சீலையைச் சரிசெய்து, "வா பிள்ளை, பஸ் போயிடும்" எண்டா. அடுத்த கிழமை வட்டம் முழுசாகப் பதிந்த கடதாசியோடு போனோம். அந்த முறை அம்மம்மா வரவில்லை. ஒரு பிரச்சினையும் இல்லாமல் அலுவல் முடிந்தது.

அந்த அலுவலரில் பெரிய பிழை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அரைகுறைச் சீலை அவர் ஏற்றுக்கொண்டு, நாளைக்கு வேறொருவர் கள்ளக் கடதாசியோடு வந்து இன்னொரு அம்மம்மாவின் காணியை எடுத்தால்? முத்திரைகளைப் பற்றி வாசிக்க வாசிக்க, அந்தப் பயம் எவ்வளவு பழையது என்று விளங்கியது.

புனித பேர்னாட் என்று ஒரு பெரிய ஆள். பிரான்சில் கிளேர்வோ மடத்தின் அதிபர். பாப்பரசரே அவருடைய சீடர். 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அவருடைய கடிதத்துக்கு இருந்த மதிப்பு வேறு எவருடையதுக்கும் இல்லை என்று சொல்லலாம். அப்படிப்பட்டவர் 1150 அளவில் பாப்பரசர் 3ஆம் யூஜினுக்கு, என் பேரில் கள்ளக் கடிதங்கள் போகின்றன, முத்திரையை மாற்றிவிட்டேன், புதியதில் என் உருவமும் பேரும் இருக்கும் என்று எழுதவேண்டி வந்தது. கள்ளன் வெளியில் இல்லை. நிக்கொலஸ் என்ற அவருடைய சொந்தச் செயலாளர். நல்ல படிப்பாளி, அழகாக எழுதக்கூடியவர். நிக்கொலஸ் மடத்தை விட்டுப் போனபோது அவரிடம் மூன்று முத்திரைகள் அகப்பட்டன: ஒன்று தன்னுடையது, ஒன்று மடத்தின் துணை அதிபருடையது, மூன்றாவது பேர்னாட்டினுடையது. அதுவும் பழையது இல்லை, புதியது. கள்ளத்தைத் தடுக்கச் செய்த முத்திரையும் அதே கையில்.

பாப்பரசர்களின் பக்கம் இது இன்னும் பெரிய வியாபாரம். 1198இல் 3ஆம் இன்னசென்ற் பதவிக்கு வந்த கையோடு, ரோமிலேயே கள்ளக் கடிதம் செய்கிற ஒரு கூட்டம் பிடிபட்டது. அதன்பிறகு அவர் கள்ள வழிகளை வகைப்படுத்தி ஒரு கடிதம் எழுதினார். கள்ளக் கடிதத்தில் கள்ள முத்திரை போடுவது ஒரு வகை. நல்ல கடிதத்திலிருந்து நூலோடு முத்திரையை உருவிக் கள்ளக் கடிதத்தில் கொழுவுவது இன்னொன்று. நூலை வெட்டிக் கள்ளக் கடிதத்துக்குள்ளால் எடுத்து அதே மாதிரி நூலால் திரும்ப ஒட்டுவது, எழுத்தைச் சுரண்டி மாற்றுவது, முத்திரை பதிக்கப் போகிற கடிதக் கட்டுக்குள் ஒரு கள்ளக் கடிதத்தைச் செருகிவிடுவது எல்லாம் அதில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதில் முத்திரை நூறு வீதம் உண்மை. கடிதம்தான் பொய்.

பாப்பரசரின் முத்திரை மெழுகில் இல்லை, ஈயத்தில். ஒரு பக்கத்தில் இரண்டு தலைகள்: பவுலும் பேதுருவும், எங்கட ஆக்கள் சின்னப்பர், இராயப்பர் எண்டு சொல்லுற அதே இரண்டு பேர். மறுபக்கத்தில் பாப்பரசரின் பேர் மட்டும். சலுகை கொடுக்கிற கடிதமென்றால் சிவப்பு மஞ்சள் பட்டு நூல், கட்டளை என்றால் சணல் நூல். வாசிக்கத் தெரியாத ஒரு ஆள்கூட நூலைப் பார்த்து இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று ஊகித்திருக்கலாம். ஈய முத்திரையை அடித்தவர்கள் சிஸ்ரேர்சியன் சபையின் சாதாரண சகோதரர்கள். அந்த வேலைக்கு எழுத வாசிக்கத் தெரியாதவர்களைத்தான் எடுத்தார்கள். கடிதத்தின் இரகசியம் வெளியில் போகக் கூடாதாம். படித்த நிக்கொலஸின் கதையைக் கேட்ட பிறகு அந்த முடிவு விளங்குகிறது. ஆனாலும் ஒரு மாதிரித்தான் இருக்கிறது. ஐரோப்பா முழுக்க நம்பின எழுத்துக்கு உயிர் கொடுத்த கைகளுக்கு அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று தெரியாது.

படங்களுக்குத் திரும்புவோம். ஒரு முத்திரையில் உருவம் எவ்வளவு, அதைச் சுற்றியுள்ள எழுத்து எவ்வளவு என்பதற்கு டர்ஹம் பேராலயத்துத் துறவிகள் நல்ல உதாரணம். அவர்களுடைய முத்திரையின் ஒரு பக்கத்துக்குப் பழைய உரோமர் காலத்து மணிக்கல் ஒன்றைப் பாவித்தார்கள். அதில் இருந்தது யூப்பிற்றரின் தலை. தாடி, சுருள்முடி, கம்பீரம் எல்லாம் பொருந்தின உரோமக் கடவுள். கிறிஸ்தவத் துறவிகள் அதைச் சுற்றி என்ன எழுதினார்கள் தெரியுமா? "அரசர் புனித ஒஸ்வால்ட்டின் தலை." ஒஸ்வால்ட் 642இல் போரில் கொல்லப்பட்ட அரசர். அவருடைய தலை டர்ஹமில்தான் வைக்கப்பட்டிருந்தது. ஆகவே தலை ஒன்று தேவைப்பட்டது, தலை ஒன்று கிடைத்தது, பேரை மாற்றினால் சரி. யோர்க் பேராயர் றொஜர் (1154 முதல் 1181 வரை பதவியில் இருந்தவர்) இன்னும் துணிச்சல்காரர். அவருடைய மணிக்கல்லில் மூன்று தலை வைத்த ஒரு விசித்திர உருவம். சுற்றிவர எழுதினது: "எங்கள் தலை திரித்துவமே." ஞாயிறு மறைக்கல்வியில் இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால் எங்கட சிஸ்ரர் என்ன செய்திருப்பா எண்டு யோசிச்சுப் பார்த்தன்.

சிரிப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், இதுவும் ஒரு அதிகாரம்தான். ஒரு படம் என்ன என்று சொல்லும் உரிமை விளிம்பில் எழுதுகிறவருக்கு இருக்கிறது.

கன்ரபரிப் பேராயர்களின் முத்திரைகளில் இது பாரமான விசயமாகிறது. 1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தோமஸ் பெக்கற், தன் பேராலயத்துக்குள்ளேயே 2ஆம் ஹென்றி மன்னரின் நான்கு வீரர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். 1173இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். பிறகு, 1193இல் பேராயரான ஹியூபேட் வோல்ரர், தன் முத்திரையின் பின்பக்கத்தில் பதிப்பதற்கு அந்தக் கொலைக் காட்சியையே எடுத்தார். ஓங்கின வாள்கள், கீழே பேராயர். பின்னால் வந்த பேராயர்களும் அதைத் தொடர்ந்தார்கள். இனிமேல் அரசருக்குப் போகிற ஒவ்வொரு கடிதத்தின் பின்னாலும், "உங்கட ஆக்கள் செய்தது இது" என்று ஒரு படம் தொங்கும்.

கேட்க வீரமாக இருக்கிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் ஹியூபேட் வோல்ரர் யார்? அரசரின் தலைமை நிர்வாகி. 1199இலிருந்து அரசரின் சான்சலர், அதாவது அரசரின் பெரிய முத்திரைக்கே பொறுப்பான ஆள். அரசரின் ஆட்கள் கொன்ற மனிதரின் படத்தை முத்திரையில் வைத்துக்கொண்டு, அரசரின் வரியையும் படையையும் நடத்தினவர். இதைப் போலித்தனம் என்று ஒதுக்குவதா, அல்லது சேவகம் செய்தாலும் மறக்கவில்லை என்று எடுப்பதா? இறந்தவர்களின் படம் யார் கையில் எதற்கு வேலை செய்கிறது என்று கேட்டுப் பழகின நாட்டில் வளர்ந்தவள் நான். எனக்கு இரண்டு பக்கமும் மனம் போகிறது. ஒன்று மட்டும் நிச்சயம்: அந்த முத்திரை இருந்தபடியால் கொலை மறக்கப்படவில்லை. அதே முத்திரை இருந்தபடியால் அடுத்தடுத்த பேராயர்களுக்கு, தாங்கள் ஒருபோதும் சிந்தாத இரத்தத்தின் மதிப்பும் கிடைத்தது.

காலம் போகப்போக ஆயர்கள் தங்கள் முத்திரைகளில் சின்னதாகிப் போனார்கள். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் நடு இடத்தைப் புனிதர்களும் மாதாவும் எடுத்துக்கொள்கிறார்கள், கோவில் கோபுரம் மாதிரி நுணுக்கமான மாடங்களுக்குள் நின்றபடி. ஆயர் அடியில், கூர்முனைக்குள், முழங்காலில் இருந்து கும்பிடுகிற ஒரு சின்ன உருவம். தாழ்ச்சி என்று சொல்லலாம். ஆனால் பக்கத்தில் அவருடைய குடும்பச் சின்னம் பொறித்த கேடயமும் வரத் தொடங்குவதைக் கவனித்தால், அந்தத் தாழ்ச்சிக்குக் கொஞ்சம் விலை போட்டிருக்கிறார் என்றும் தெரியும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. பிரித்தானிய நூதனசாலையில் தந்தத்தில் செய்த ஒரு முத்திரை அச்சு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. 1879இல் வொலிங்ஃபோர்ட் என்ற இடத்தில் கண்டெடுத்தது. ஒரு பக்கம் கொட்வின் என்ற ஆணுடையது. அதைத் திருப்பினால் மறுபக்கத்தில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள், கையில் புத்தகம். "கடவுளுக்குத் தன்னைக் கொடுத்த துறவி கொட்கித்தாவின் முத்திரை." அவள் யார், கொட்வினுக்கு என்ன முறை, ஒரே தந்தத்தை ஏன் இருவரும் பகிர்ந்தார்கள் என்று அந்த அச்சு சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பெண் ஒருத்தியிடம், தன் பேரில் ஒரு கடதாசியை உண்மையாக்கும் பொருள் இருந்தது. அதைத்தான் நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன்.

ஒருவர் இறந்தால் அவருடைய முத்திரை அச்சு என்னாகும்? உடைப்பார்கள். ஊர் பார்க்க உடைப்பதும் உண்டு. இல்லாவிட்டால் செத்தவர் தொடர்ந்து கடிதம் எழுதுவார்! டர்ஹமின் இன்னொரு ஆயர் றிச்சர்ட் டி பெரி, புத்தகப் பைத்தியம் என்று பேர் எடுத்தவர். 1345இல் அவர் இறந்ததும் அவருடைய நான்கு வெள்ளி முத்திரைகளையும் உடைத்து உருக்கிப் பூசைக் கிண்ணம் ஒன்று செய்தார்கள். பாப்பரசர் இறந்தால், பேர் உள்ள பக்கத்து அச்சைத்தான் உடைப்பார்கள். இராயப்பர் சின்னப்பர் உள்ள பக்கத்தை வைத்துக்கொள்வார்கள், அடுத்தவருக்கும் அதுதான். புதியவர் தெரிவாகி முடிசூடும் வரைக்கும் அனுப்புகிற கடிதங்களில் பேர்ப் பக்கம் வெறுமையாக இருக்கும். 4ஆம் கிளமென்ற் 1265இல் எழுதிய கடிதம் ஒன்றில் பாப்பரசரின் "மீனவர் மோதிரம்" பற்றிச் சொல்கிறார். அந்த மோதிரத்துக்கும் இதே விதிதான். 2013இல் 16ஆம் பெனடிக்ற் பதவி விலகியபோது, ஆள் உயிரோடு இருக்கும்போதே, மோதிரத்தில் சிலுவை மாதிரிக் கீறி அதைப் பாவிக்க முடியாமல் ஆக்கினார்கள்.

கடைசியாக, தலைப்பில் சொன்ன பின்பக்கம். 2016 தொடக்கம் சில வருடங்கள் லிங்கன், அபெறிஸ்வித் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் மெழுகு முத்திரைகளின் பின்பக்கங்களை மட்டும் ஆராய்ந்தார்கள். மெழுகை உருட்டி, அச்சில் வைத்து அழுத்தும்போது பின்னாலிருந்து ஒரு கை தள்ள வேண்டும். அந்தக் கையின் ரேகைகள் மெழுகில் அப்படியே இருக்கின்றன. விரல்நுனி, சில நேரம் உள்ளங்கை. குற்றப் புலனாய்வில் கைரேகை பார்க்கிற முறையில் அவற்றைப் பதிவுசெய்தார்கள்.

முன்பக்கத்தில் ஆயர் இருக்கிறார், முகம் எல்லோருக்கும் பொது. பின்பக்கத்தில் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டுமே இருந்த ரேகை இருக்கிறது, அந்த ஆளுக்குப் பேர் இல்லை. முத்திரையின் சொந்தக்காரராகவும் இருக்கலாம், மெழுகு காய்ச்சுகிற உதவியாளராகவும் இருக்கலாம்.

நூதனசாலைகள் இணையத்தில் போடுகிற படங்களில் கனக்க முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. பின்பக்கப் படமும் இருந்தால் அதைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். மெழுகுக்கு நடுவில், ஒரு பெருவிரல் அழுத்தின பள்ளம் தெரியும்.